பெண்பிள்ளைகளின் அணியையும் பெயர் சொல்லி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1900ஆம் ஆண்டு பாரிஸில் விளையாடியதற்குப் பிறகு கிரிக்கெட் மறுபடியும் ஒலிம்பிக்குக்குள் வருகிறது என்பதை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். எந்த நாடு போகும், எந்த நட்சத்திரம் அதுவரை விளையாடுவார் என்றெல்லாம் கணக்குப் பார்த்திருந்தீர்கள். நல்லது. கடைசிப் பந்தியில் "ஸ்குவாஷ், லக்ரோஸ், கொடி உதைபந்தாட்டம், பேஸ்போல் ஆகியனவும் சேர்க்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் கிடக்கிற லக்ரோஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் என் புலம்பலை வெட்டுங்கள், விளையாட்டை வெட்டாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. வேலை செய்த காலம் முழுக்க வலைப்பந்தாட்டம் பழக்கினேன். லக்ரோஸ் என்றால் என்னவென்று எனக்கும் தெரிந்திருக்க ஞாயமில்லை. என் தங்கச்சியின் பேத்தி கனடாவில் ஸ்காபரோவில் படிக்கிறாள். அவள் விளையாடுகிற ஒளிப்பதிவொன்றைத் தாய்க்காரி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பிள்ளையின் கையில் ஒரு தடி, தடியின் நுனியில் சின்ன வலை, கண்ணுக்குக் கம்பிக் கண்ணாடி, வாயில் பல்லுக் காப்பு. "என்ன மோனை, மீன் பிடிக்கவோ போறாய்?" என்று கேட்டேன். "பெரியம்மம்மா, இது கனடாவின்ர தேசிய விளையாட்டு. உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டாள். ஒரு உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்கிற கேள்வியா இது! கனடாவில் 1994இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு ஐஸ் ஹொக்கி, கோடைக்கு லக்ரோஸ். அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன்.

விளையாட்டு இதுதான். கெட்டியான ரப்பர்ப் பந்து. கையால் தொடக்கூடாது. தடியின் வலையில் ஏந்திக்கொண்டு ஓடி, தடியாலேயே மற்றவருக்கு எறிந்து, கோலுக்குள் போடவேண்டும். ஓடும்போது பந்து வலையிலிருந்து விழாமல் இருக்க மணிக்கட்டால் தடியை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நிறைகுடத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு ஓடச்சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஆண்களின் ஆட்டத்தில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்து விழுத்தலாம். பெண்களின் ஆட்டத்தில் உடம்பால் இடிக்க அனுமதி இல்லை. அதனால் வலையின் ஆழம், தடியால் தடுக்கிற முறை, கோலுக்கு முன்னால் யார் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதெல்லாம் வேறு விதிகள். எனக்கு என்னவோ பெண்களின் ஆட்டம்தான் பார்க்க வடிவாயிருக்கிறது. கால் வேகமும் கண் வேகமும் அதில்தான் தெரிகிறது.

பெண்கள் இதை விளையாடத் தொடங்கியது நேற்று முந்தநாள் இல்லை. ஸ்கொட்லாந்தின் சென் அன்ரூசில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையில் 1890இலேயே ஆடியிருக்கிறார்கள். பெண்களுக்கான உலகக் கிண்ணம் 1982இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ஆரம்பித்தது. அமெரிக்கா வென்றது. அதற்குப் பிறகும் பெரும்பாலும் அமெரிக்காதான். இடையில் 1986இலும் 2005இலும் அவுஸ்திரேலியா வென்றிருக்கிறது. 2022இல் மேரிலாந்தின் டௌசனில் நடந்த இறுதியாட்டத்தில் அமெரிக்கா கனடாவை 11க்கு 8 என்று வென்றது. ஆசியாவுக்கும் இது புதிதில்லை. 1997 உலகக் கிண்ணம் டோக்கியோவில் நடந்தது. 2026ஆம் ஆண்டுப் போட்டியையும் டோக்கியோவுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

சரி, வென்றவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறொரு அணியைப் பற்றி.

இந்த விளையாட்டு வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததில்லை. வட அமெரிக்காவின் பூர்வ குடிகளுடையது. அவர்களில் ஹோடினோஷோனி மக்கள் என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, ரஸ்கரோரா என்று ஆறு இனங்கள். பழைய புத்தகங்களில் இரோகுவா என்று போட்டிருக்கும். அவர்களின் நிலத்துக்கு நடுவாலே பிறகு வந்தவர்கள் எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள். ஒரு பாதி அமெரிக்காவுக்குள், மறுபாதி கனடாவுக்குள். பேத்தி இருக்கிற ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றரில் கிராண்ட் ஆற்றங்கரையில் அவர்களின் பெரிய ஊரொன்று இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் சனம் நயாகராவுக்குப் போய்வருகிற பாதையிலிருந்து அது அவ்வளவு தூரமில்லை. திரும்பிப் பார்த்திருப்பார்களோ தெரியாது.

லக்ரோஸ் அந்த மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. படைத்தவன் தந்த ஆட்டம் என்பார்கள். ஊரில் நோய் நொடி வந்தால் அது தீர வேண்டி ஆடுவதும் உண்டு. அதனாலேயே பெண்கள் விளையாடுவதற்கு உள்ளுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஆண்களின் மரத்தடியைப் பெண் தொடக்கூடாது என்பது பழைய முறை. இத்தனைக்கும் அந்தச் சமூகத்தில் வம்சம் தாய்வழி. தலைவரைத் தெரிவுசெய்வதும் பிழைவிட்டால் இறக்குவதும் குலத் தாய்மார். அவ்வளவு அதிகாரமுள்ள பெண்களிலேயே சிலர்தான் "பிள்ளைகள் இதை ஆடவேண்டாம்" என்று சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கோயில் காரியம் என்று வந்தால் நாங்களும் எத்தனையோ விடயத்தில் அப்படித்தான் நிற்கிறோம். ஆனால் அந்தப் பெண்பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வெளியேறவுமில்லை, விளையாட்டை விடவுமில்லை. சடங்குக்குரிய ஆட்டம் வேறு, போட்டிக்குரிய ஆட்டம் வேறு என்று பிரித்துக்கொண்டு, இக்காலத்துச் செயற்கைத் தடியோடு இறங்கினார்கள். 2009இல் பிராக் நகரில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஹோடினோஷோனிப் பெண்கள் அணி தங்கள் கொடியோடு, தங்கள் பெயரில் விளையாடியது. டௌசனிலும் விளையாடியது. உலகக் கிண்ணத்தில் அமெரிக்கா ஒரு அணி, கனடா ஒரு அணி, இவர்கள் தனி அணி.

தனி அணியென்றால் தனிக் கடவுச்சீட்டு. அங்கேதான் சிக்கல்.

ஹோடினோஷோனி மக்கள் தங்கள் கடவுச்சீட்டிலேயே பயணம் செய்யவேண்டும் என்று நிற்பவர்கள். 1923இல் டெஸ்கஹே என்ற கயூகா தலைவர் தங்கள் மக்களின் குறையை, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்திடம் முறையிட ஜெனீவாவுக்கு அப்படித்தான் போனார். 2010இல் மன்செஸ்ரரில் ஆண்களின் உலகப் போட்டி. அணி நியூயோர்க் வரைக்கும் வந்துவிட்டது. அமெரிக்கா அந்த ஒரு பயணத்துக்கு விலக்குக் கொடுத்தும் பிரித்தானியா விசா கொடுக்கவில்லை. விளையாட்டைக் கண்டுபிடித்த மக்களின் அணி இல்லாமலே உலகப் போட்டி நடந்து முடிந்தது. 2015இல் எடின்பரோவில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் உலகப் போட்டி. மறுபடியும் அதே கதை, இந்தமுறை பெண்பிள்ளைகளுக்கு. அவர்களின் கடவுச்சீட்டைப் பிரித்தானியா ஏற்கவில்லை, அணி விலகிக்கொண்டது. அமெரிக்கக் கடவுச்சீட்டையோ கனடாக் கடவுச்சீட்டையோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போனால் எந்தப் பெயரில் களத்தில் இறங்குவது?

பத்தொன்பது வயது தாண்டினால் அந்தப் போட்டிக்கு மறுபடி வயது வராது. 2010இல் தவறவிட்ட ஆண்கள் நாலு வருடம் பொறுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. 1996க்குப் பிறகு, போரால் ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்தில், நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் அனுமதி வரவேண்டும். அது நாங்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. என் பிள்ளைகள் வலைப்பந்தாட்டத்தில் கெட்டிக்காரிகளாய் இருந்த ஒரு வருடம், வெளியே நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். மற்றவர்களுக்கு அனுமதி வந்துவிட்டது. வளையத்துக்குள் பந்து போடுகிற கோல் சூட்டருக்கு மட்டும் வரவில்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை. கோல் சூட்டர் இல்லாமல் வலைப்பந்து விளையாடுவது எப்படி என்று எந்தப் பயிற்சி நெறியிலும் எனக்குப் படிப்பிக்கவுமில்லை. அந்தப் பிள்ளை "ரீச்சர், நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்றாள். நாங்கள் போகவில்லை. அவளுக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எடின்பரோவுக்குப் போகமுடியாமல் நின்ற பிள்ளைகளைப் பற்றி அவளிடம் சொன்னால் விளக்கம் ஒன்றும் தேவைப்படாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் வாசகர்களுக்கு லக்ரோஸ் தூரத்து விடயம் என்று நினைத்து ஒரு வரியோடு விட்டிருந்தால், தூரம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

ஒலிம்பிக் கதைக்கு வருவோம். லக்ரோஸ் முன்பும் ஒலிம்பிக்கில் இருந்தது. 1904இல் சென் லூயிஸில் மோஹாக் வீரர்களைக் கொண்ட ஒரு அணி வெண்கலம் வென்றிருக்கிறது. 1904 என்றால் எங்கள் ஊரில் வடக்கின் பெரும் சமர் என்கிற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கிய அதே வருடம்! பெரும் சமருக்கு வருடாவருடம் வண்ணப் பக்கம் போடுகிறீர்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. 1908 இலண்டனோடு பதக்கத்துக்குரிய விளையாட்டு என்ற இடம் லக்ரோஸுக்குப் போய்விட்டது. 2023 ஒக்ரோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழுதான் கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028க்கு எடுத்தது. பெண்களில் ஆறு அணி, ஆண்களில் ஆறு அணி.

ஆனால் ஒலிம்பிக் குழுவின் விதிப்படி தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுதான் அணி அனுப்பலாம். ஹோடினோஷோனிக்கு அது இல்லை. அமெரிக்காவின் அணியிலோ கனடாவின் அணியிலோ சேர்ந்து விளையாடலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். 2023 டிசம்பரில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பைடன்கூட அவர்கள் தங்கள் கொடியின் கீழ் விளையாட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். விதி மாறவில்லை. இதற்கு முன்னர் 2022 உலக விளையாட்டு விழாவில் அவர்களின் ஆண்கள் அணிக்கு இதேபோல் இடமில்லை என்றானபோது, அயர்லாந்து அணி "எங்கள் இடத்தை எடுங்கள்" என்று விலகிக்கொடுத்தது. அயர்லாந்துக்காரருக்கு இதெல்லாம் விளங்காதா என்ன. லொஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் அணிக்கு யாராவது இடம்விட்டாலும் ஒலிம்பிக் விதி விடுமோ தெரியாது. இது உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஏற்ற செய்தி இல்லையென்றால் வேறெது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லக்ரோஸ் எப்படி ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது? பழைய பெண்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பெரிய மைதானம், பெரிய அணி, பெரிய செலவு. அதை ஆறு பேராகக் குறைத்தார்கள். மைதானம் 70 மீற்றருக்கு 36 மீற்றர். எட்டு நிமிடமாய் நாலு கால்பகுதி. பந்து கையில் வந்தால் முப்பது செக்கனுக்குள் கோலுக்கு அடிக்கவேண்டும். துரையப்பா அரங்கில் ஒரு பாதியே போதும். நான் இதைச் சொல்வது நாளைக்கே யாழ்ப்பாணத்தில் லக்ரோஸ் தொடங்கவேண்டும் என்பதற்காக இல்லை. இருக்கிற வலைப்பந்துக் கம்பத்துக்கு வளையம் போட்டுத்தர ஆளில்லாத பாடசாலைகள் எனக்குத் தெரியும். அங்கே தடிக்கு எங்கே போவது. நான் சொல்வது, வலைப்பந்தாட்டத்தை ஒலிம்பிக் குழு 1995இலேயே அங்கீகரித்துவிட்டது, ஆனால் ஒரு ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறவில்லை என்பது. எங்கள் நாட்டுப் பெண்கள் ஆசியாவில் முதலாவதாய் வந்த குழு விளையாட்டுக்கே அங்கே கதவு பூட்டு.

முதலாவது என்றால் சும்மா சொல்லவில்லை. 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது, இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69க்கு 50. 2022இல் மறுபடியும் அதே சிங்கப்பூரில், அதே அணியை 63க்கு 53. அப்போதைய அணியின் கோல் சூட்டர் எங்கள் புன்னாலைக்கட்டுவன், ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த கோல் சூட்டர் என்ற பெயர் எடுத்தவர். உயரத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். உயரமாய் இருப்பவர்கள் எல்லாம் கோல் போட்டுவிடுவதில்லை. அந்தக் கை நிதானத்தைப் பற்றி ஒருவராவது எழுதவேண்டும். பந்தை விடுகிறபோது அவரின் முழங்கை அசைகிற அழகை நான் பழக்கிய பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று பெண்கள் கிரிக்கெட் ஆசியக் கிண்ணத்தை எடுத்தார்களே, அதற்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்வாசியாவது வலைப்பந்துக்குக் கிடைத்திருந்தால் என் மனம் ஆறும்.

இப்போது என் குறை. ஒளிக்காமல் சொல்கிறேன். தங்கள் பத்திரிகை மட்டும் இல்லை, இங்கே வருகிற எல்லாப் பத்திரிகையும் இதில் ஒன்றுதான். பெடியன்களின் கிரிக்கெட் ஆட்டம் என்றால் யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட், யார் யாருடைய பந்தில் பிடிகொடுத்தார் என்று முழுப் பட்டியல். பெண்பிள்ளைகள் வலைப்பந்தாட்டத்தில் மாகாணத்தில் முதலிடம் வந்தால் "இன்ன பாடசாலை சம்பியன்" என்று இரண்டு வரி. அதற்குப் பக்கத்தில் படம். படத்தில் அதிபர் நடுவில், விருந்தினர் ஒரு பக்கம், பிள்ளைகள் பின்வரிசையில். ஒரு பிள்ளையின் பெயரும் கிடையாது. கோல் போட்டது யார், தடுத்தது யார், இடைவேளையில் எத்தனை, ஒன்றும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் விருந்தினரின் பெயரும் பதவியும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும்.

பெயர் அச்சில் வருவதில் என்ன இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற வருடத்தில் விளையாட்டை விடவைக்கிறார்கள். பின்னேரப் பயிற்சிக்கும் ரியூசனுக்கும் ஒரே நேரம். பயிற்சி முடிந்து இருட்டுப்பட சைக்கிளில் வருவது ஒரு பிரச்சினை. "கறுத்துப்போறாய்" என்பது இன்னொரு பிரச்சினை. இதையெல்லாம் தாய் தகப்பனோடு கதைத்துச் சமாளிக்க எனக்குக் கையில் ஒன்றும் இருந்ததில்லை. பேப்பரில் வந்த பெயர் ஒன்று இருந்திருந்தால், அதை வெட்டி வீட்டில் ஒட்டியிருந்தால், கதைப்பதற்கு ஒரு பிடி இருந்திருக்கும். ஒருமுறை, ஒரே ஒரு தடவை, ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. தகப்பன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பேப்பரைக் காட்டினார். அந்தப் பிள்ளை உயர்தரம் முடியும்வரை விளையாடினாள். அவர் அவளை மறித்ததே இல்லை.

ஹோடினோஷோனிப் பிள்ளைகள் தங்கள் மக்களின் பெயரில் இறங்கவேண்டும் என்பதற்காக ஒரு உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்தவர்கள். எங்கள் பிள்ளைகள் கேட்பது அவ்வளவு பெரிது இல்லை. ஆடி வென்ற பிறகு தங்கள் சொந்தப் பெயர், சரியான எழுத்தில், உங்கள் எட்டாம் பக்கத்தில்.

அடுத்த மாகாண மட்டப் பெண்கள் வலைப்பந்தாட்டத்துக்குத் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பமுடியுமா என்று கேட்கிறேன். ஆள் இல்லையென்றால் பாதகமில்லை. நான் எப்படியும் பார்க்கப் போவேன். என் முழங்கால் இடங்கொடுத்தால் எல்லா ஆட்டமும் இருந்து பார்ப்பேன். ஒவ்வொரு அணியின் பெயர்ப் பட்டியலையும், கோல் கணக்கையும், கால்பகுதி கால்பகுதியாக எழுதி அன்று பின்னேரமே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். பிள்ளைகளின் பெயரை அவர்களிடமே கேட்டு எழுதுவேன். திருத்தவேண்டிய வேலை உங்களுக்கு இராது. இடம் போதாவிட்டால் விருந்தினர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.